வீட்டிலேயே தையல், கூடவே பள்ளிக்குப் போகும் பிள்ளைகள்: நேரத்தைப் பிரித்துக்கொள்ள முழுமையான வழிகாட்டி

வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு பிளவுஸ், சுடிதார் தைத்துக் கொடுக்கும் அம்மாக்களுக்காக எழுதப்பட்டது இது. மனைவி வேலைக்குப் போக, வீட்டிலிருந்து தைக்கும் அப்பாக்களுக்கும் இதே கணக்குதான்.

"காலை 9 முதல் 1 வரை தையல், மாலை 5 முதல் 8 வரை தையல்" என்று அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினால் மூன்றாவது நாளே அது குலைந்துவிடும். எல்லாத் தையல் வேலையையும் ஒரே வேலையாக எண்ணிப் போட்ட அட்டவணை அது. கட்டிங் செய்யும்போது பிள்ளை வந்து கையை இழுப்பதும், கொக்கி கட்டும்போது வந்து இழுப்பதும் ஒன்றல்ல. எந்த வேலை எவ்வளவு தடங்கலைத் தாங்கும் என்று முதலில் பிரியுங்கள். பிறகு அதை எந்த நேரத்தில் வைப்பது என்று பாருங்கள்.

முதல் படி: ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

மிஷின் பக்கத்தில் ஒரு பழைய நோட்டு வையுங்கள். உட்காரும்போது நேரம் எழுதுங்கள். எழும்போதும் எழுதுங்கள், ஏன் எழுந்தீர்கள் என்று ஒரே சொல்லில்: குக்கர், போன், கஸ்டமர், குழந்தை, நூல் தீர்ந்தது, கரண்ட். திங்கள் முதல் சனி வரை இவ்வளவுதான் வேலை.

பிள்ளை காலை 9 மணி வாக்கில் பள்ளிக்குப் போய் மாலை 4:15 வாக்கில் திரும்பினால், கையில் ஏழு மணி நேரம் இருப்பதாகத் தோன்றும். விட்டுவிட்டு வருவது, பாத்திரம், துணி, மதியச் சாப்பாடு, மறுபடி போய் அழைத்து வருவது எல்லாம் கழிந்தபின் மிஷினில் உட்காரக் கிடைப்பது பெரும்பாலும் நாலு மணி நேரம்தான். எழுதிப் பார்க்காதவர்கள் ஏழு மணி நேரத்தை நம்பித் தேதி சொல்லிவிடுகிறார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தைப்பது அங்கேதான் தொடங்குகிறது.

வாரக் கடைசியில் "ஏன் எழுந்தேன்" என்ற பகுதியை மட்டும் எண்ணுங்கள். நூலும் பாபினும் (அடிநூல் சுற்றும் சின்ன உருளை) ஊசியும் அடிக்கடி வந்திருந்தால் முன்தயாரிப்பு போதவில்லை. கஸ்டமரும் போனும் அதிகம் என்றால் வருகை நேரம் வைக்க வேண்டும். இரண்டுக்கும் வழி கீழே இருக்கிறது.

இரண்டாம் படி: வேலையை மூன்றாகப் பிரியுங்கள்

தடங்கலே தாங்காத வேலைகள்: கட்டிங், கழுத்து டிசைன் வரைவது, பார்டர் வைத்துக் கை வெட்டுவது, பட்டுத்துணியில் எதுவானாலும். இங்கே ஒரு நிமிடக் கவனம் பிசகினால் இரண்டு கையும் ஒரே பக்கத்துக் கையாக வெட்டுப்பட்டுவிடும், அல்லது பூ தலைகீழாக நிற்கும். பட்டுச் சேலையோடு வந்த பிளவுஸ் துணி இன்னொன்று எந்தக் கடையிலும் கிடைக்காது.

பாதி தாங்கும் வேலைகள்: டாட் (உடம்பு வடிவத்துக்கான மடிப்புத் தையல்) பிடிப்பது, தோள் இணைப்பது, கை ஏற்றுவது, ஓவர்லாக் (ஓரம் பிரியாமல் அடிக்கும் தையல்). ஒரு தையல் கோடு முடியும் இடத்தில் நிறுத்தி எழுந்துபோய், திரும்பி வந்து தொடரலாம். கழுத்துக்குப் பைப்பிங் (ஓரத்தில் வைக்கும் மெல்லிய துணிப்பட்டி) வைப்பதை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். நடுவில் நிறுத்தினால் வளைவில் இழுபட்டுச் சுருக்கம் விழும்.

எவ்வளவு தடங்கலையும் தாங்கும் வேலைகள்: கொக்கி, ஹெம்மிங், ஃபால்ஸ் (சேலையின் கீழ் ஓரத்தில் உள்பக்கம் வைக்கும் பட்டி) கைத்தையல், நூல் வெட்டுவது, பாபின் சுற்றுவது, லைனிங் நனைப்பது, நோட்டில் கணக்கு எழுதுவது.

முதல் வகை வேலைக்குப் பிள்ளை பள்ளிக்குப் போனதும் வரும் முதல் இரண்டு மணி நேரத்தை ஒதுக்குங்கள். ஜன்னல் வெளிச்சம் நன்றாக இருக்கும், கஸ்டமர்கள் இன்னும் வீட்டுவேலை முடித்திருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் பாத்திரம் தொட்டியிலேயே கிடக்கட்டும். பாத்திரத்தைப் பன்னிரண்டு மணிக்கும் கழுவலாம், பன்னிரண்டு மணிக்கு வெட்டும் துணியில் காலை நேரக் கவனம் இருக்காது. வீட்டை முடித்துவிட்டுத்தான் மிஷினில் உட்காருவேன் என்ற பழக்கத்தை விடுவது பலருக்குக் கஷ்டம். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

ஒரே நாளில் இரண்டு மூன்று பிளவுஸை வெட்டி, அந்தந்த ஆர்டர் எண்ணோடு கட்டி வைத்துவிட்டால், அடுத்த நாட்களில் மிஷின் வேலை மட்டும் மிஞ்சும். வெட்டியதில் ஒரே நிற நூல் வேண்டியவற்றை அடுத்தடுத்துத் தையுங்கள். நூல் மாற்றும் வேலை மிச்சமாகும்.

மூன்றாம் படி: ஒரு பிளவுஸுக்கு எவ்வளவு நேரம்

தேதி தவறுவதற்குப் பெரிய காரணம் இந்தக் கணக்கு இல்லாததுதான், அதனால் பொறுமையாகப் படியுங்கள். ஓரளவு கை பழகியவர் ஒரு சாதாரண லைனிங் பிளவுஸ் தைக்கத் தோராயமாக ஆகும் நேரம்:

- அளவு எடுத்து எழுதுவது: 10 நிமிடம்
- லைனிங்கோடு கட்டிங்: 30 நிமிடம்
- மிஷின் தையல்: 80 நிமிடம்
- கொக்கி, ஹெம்மிங்: 35 நிமிடம்
- நூல் வெட்டி இஸ்திரி போட்டு மடிப்பது: 10 நிமிடம்

மொத்தம் 2 மணி 45 நிமிடம். லைனிங் இல்லாத பிளவுஸ் இதைவிடக் குறையும். பிரின்சஸ் கட் (டாட்டுக்குப் பதில் நீள வளைவுத் தையல் வைப்பது), பைப்பிங், பின்கழுத்தில் டிசைன் என்றால் மூன்றரை மணியைத் தாண்டும். உங்கள் கை வேகம் வேறாக இருக்கும், ஆகவே ஒவ்வொரு வகையிலும் ஒன்றைக் கடிகாரம் வைத்துத் தைத்து உங்கள் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது வாரத்தைப் பாருங்கள். ஐந்து நாள், நாளுக்கு நாலு மணி, சனிக்கிழமை இரண்டு மணி: ஆக 22 மணி நேரம். மாலையில் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது கைவேலைக்கு நாளுக்கு ஒரு மணி, ஐந்து மணி நேரம். இரண்டிலும் ஐந்தில் ஒரு பங்கைக் காய்ச்சல், விருந்தாளி, பெற்றோர் கூட்டம் என்று முதலிலேயே கழித்துவிடுங்கள். மிஷினுக்குச் சுமார் பதினேழரை மணியும் கைவேலைக்கு 4 மணியும் மிஞ்சும்.

அளவு, கட்டிங், மிஷின் தையலுக்கு மட்டும் ஒரு பிளவுஸுக்கு இரண்டு மணி நேரம். பதினேழரை மணியில் எட்டு தைக்கலாம் என்று தோன்றும். ஆனால் கொக்கியும் ஹெம்மிங்கும் இஸ்திரியும் சேர்த்து ஒன்றுக்கு 45 நிமிடம் வேண்டும். 4 மணி நேரத்தில் ஐந்துதான் முடியும். மிச்சத்துக்கு மிஷின் நேரத்திலிருந்து எடுக்க வேண்டிவரும். எல்லாம் கூட்டிக் கழித்தால் வாரத்துக்கு ஏழு. தைத்து முடித்தும் கொக்கி கட்டாமல் கூடையில் குவியும் பிளவுஸ்கள் இந்தக் கணக்கைக் கவனிக்காததால் வருபவை.

ஏழுக்கு மேல் வேண்டும் என்றால் மிஷின் நேரத்தைக் கூட்டுவதைவிட, கொக்கியையும் ஹெம்மிங்கையும் பக்கத்துத் தெருவில் வீட்டிலிருக்கும் ஒருவரிடம் உருப்படிக்கு இவ்வளவு என்று கொடுத்துவிடுவது மேல். அந்தக் கூலியைத் தையல் கூலியிலேயே சேர்த்துக் கேளுங்கள்.

ஆல்டர் வேலைகள், அதாவது தைத்த துணியைப் பிரித்துச் சரிசெய்யும் வேலைகள், இந்தக் கணக்கைச் சத்தமில்லாமல் அரிக்கும். "சும்மா ஒரு தையல்தான் அக்கா" என்று வரும் ஒவ்வொன்றும் தையல் பிரித்து, நூல் மாற்றி, மறுபடி ஓட்டி, இருபது நிமிடத்தைத் தின்னும். கூலியோ மிகக் குறைவு. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்துச் சனிக்கிழமை மட்டும் செய்யுங்கள்.

நான்காம் படி: ஆர்டர் நோட்டு

ஆர்டருக்கு ஒரு பக்கம். எண், வாங்கிய தேதி, அளவு பிளவுஸ் கொடுத்தாரா இல்லையா, உயரம், தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், கைச் சுற்று, முன்கழுத்து, பின்கழுத்து, லைனிங் யாருடையது, முன்பணம். இவற்றோடு இரண்டு தேதிகள் தனித்தனியாக இருக்க வேண்டும்: விசேஷ நாள், கொடுக்கும் நாள். கல்யாணமோ காதுகுத்தோ, விசேஷத்துக்கு நாலு நாள் முன்னதாகக் கொடுக்கும் நாளை வையுங்கள். போட்டுப் பார்த்து இடுப்பைக் கொஞ்சம் பிடிக்க வேண்டியிருந்தால் அதற்கு அவகாசம் இருக்கும். விசேஷ நாளைக் கேட்காமல் விட்டால், முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குத்தான் அது தெரியவரும்.

துணியோடு அதே எண் எழுதிய துண்டுச் சீட்டைக் குத்தி, அளவு பிளவுஸையும் சேர்த்து ஒரே பையில் போடுங்கள். பை கலைந்தால் தேடுவதிலேயே அரை மணி போய்விடும்.

நோட்டின் கடைசிப் பக்கங்களில் வாரத்துக்கு ஒரு வரி போட்டு, ஏழு கட்டம் வரையுங்கள். ஆர்டர் வந்ததும் எண்ணைக் கட்டத்தில் எழுதுங்கள். கட்டம் நிறைந்துவிட்டால் அந்த வாரம் முடிந்தது, அடுத்த வாரத் தேதிதான் சொல்ல வேண்டும். பெரிய டிசைன் பிளவுஸுக்கு ஒன்றரைக் கட்டம். ஞாபகத்தை நம்பித் தேதி சொல்வதை இதோடு நிறுத்திவிடுங்கள்.

ஐந்தாம் படி: முந்தின இரவு இருபது நிமிடம்

மறுநாள் வெட்டப்போகும் துணி, அதற்கு ஒத்த நூல்கண்டு, சுற்றிய பாபின் நாலு, புது ஊசி ஒன்று, மார்க்கிங் சாக் எல்லாம் மிஷின் மேசையில் தயாராக இருக்கட்டும். காட்டனுக்கு 14, மெல்லிய பட்டுக்கும் ஷிஃபானுக்கும் 11 ஊசி. மழுங்கிய ஊசி பட்டில் இழை இழுத்துவிடும். இரண்டு அளவிலும் ஒவ்வொரு பாக்கெட் எப்போதும் கையிருப்பில் வேண்டும். பதினொரு மணிக்கு ஊசி ஒடிந்து கடைக்குப் போனால் அன்றைய மிஷின் நேரம் அதோடு போயிற்று.

காட்டன் லைனிங்கை நனைக்காமல் தைத்தால் முதல் துவைப்பிலேயே சுருங்கி மேல்துணி உப்பி நிற்கும், கஸ்டமர் ஆல்டருக்கு வந்து நிற்பார். இரண்டு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தி, லேசான ஈரத்தில் இஸ்திரி போட வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஊறவைத்து, படுக்கும் முன் கொடியில் போட்டால் காலையில் எடுக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் உலராது. ஆகவே அதிகம் தேவைப்படும் நிறங்களான வெள்ளை, கறுப்பு, சிவப்பு, மெரூன், பச்சையில் இரண்டு மூன்று மீட்டர் முன்பே நனைத்து மடித்து வைத்துவிடுங்கள்.

பிள்ளைகள் பக்கம்: ஐந்து நாள் யூனிஃபார்மையும் ஞாயிற்றுக்கிழமையே இஸ்திரி போட்டு அடுக்குங்கள், பள்ளிப் பையை இரவிலேயே அடுக்கச் சொல்லுங்கள், மாவு வாரத்துக்கு இருமுறை அரையுங்கள். அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புக்குள் படிக்கும் பிள்ளை என்றால், 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் காலைச் சாப்பாடு பள்ளியிலேயே கிடைக்கும். மதியச் சத்துணவும் உண்டு. அப்படிக் கிடைக்கும் அரை மணியைச் சமையலிலேயே வேறு ஏதாவது செய்து கரைத்துவிடாமல் மதிய உணவை அப்போதே முடித்துவிடுங்கள். பகலில் மறுபடி அடுப்படிக்குப் போக வேண்டாம்.

ஆறாம் படி: கஸ்டமருக்கு நேரம்

வீட்டிலேயே இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று எல்லோரும் நினைப்பார்கள். அளவு கொடுக்கவும் துணி வாங்கவும் இரண்டு நேரம் வையுங்கள்: மதியம் 12 முதல் 12:30 வரை, மாலை 5:30 முதல் 6:30 வரை. வாசலில் ஒரு சின்ன போர்டு மாட்டுங்கள். வாட்ஸ்அப் பிசினஸில் மற்ற நேரத்தில் தானாகப் போகும் பதிலை அமைத்து, அதில் வருகை நேரத்தையும், டிசைன் படத்தை அனுப்பி வைக்கும்படியும் எழுதுங்கள். அடிக்கடி கேட்கப்படும் கூலி விவரத்தைத் தயார்ப் பதிலாகச் சேமித்துவிட்டால் தட்டச்சு செய்ய வேண்டியிருக்காது.

அக்கம்பக்கத்தில் உள்ளவர்களிடம் மறுப்பதுதான் கடினம். பத்து மணிக்கு ஒருவர் துணிப்பையோடு வந்து நிற்கிறார். "உள்ள வாங்கக்கா" என்றதும் அரை மணி போய்விடும். வாசலிலேயே நின்று, "கட்டிங்ல இருக்கேன்க்கா, துணியைக் குடுத்துட்டுப் போங்க, அஞ்சரைக்கு வாங்க, உக்காந்து அளவு எடுத்துடறேன்" என்று சொல்லுங்கள். பை கைமாறிவிட்டதால் அவருக்கும் மனக்குறை இருக்காது. "நாளைக்கே வேணும்" என்பவரிடம் கட்டம் போட்ட பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். அவசரக் கூலி என்று ஒன்றரை மடங்கு வைத்து, வாரத்துக்கு ஒரே ஒரு அவசர ஆர்டர் மட்டும் எடுங்கள். அது நீங்கள் ஒதுக்கி வைத்த ஐந்தில் ஒரு பங்கிலிருந்துதான் போகும் என்பது நினைவிருக்கட்டும்.

ஏழாம் படி: மாலையும் இரவும்

பிள்ளை வந்த முதல் ஒரு மணி நேரம் மிஷின் பக்கமே போகாதீர்கள். அந்த நேரத்தில் பிள்ளைக்குச் சொல்ல நிறைய இருக்கும், பசியும் இருக்கும். "இரு, இந்தக் கை மட்டும் ஏத்திட்டு வரேன்" என்று தள்ளினால் அந்த ஒரு மணி நேரக் கவனத்தை இரவு ஒன்பது வரை துண்டு துண்டாகக் கேட்டு வாங்கும். முழுசாகக் கொடுத்துவிட்டால், பிறகு வீட்டுப்பாடத்துக்கு உட்காரும்போது நீங்களும் பக்கத்தில் கொக்கி கட்டலாம்.

மூன்று நாலு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் எழுந்திருக்கும்போதெல்லாம் மோட்டார் பிளக்கைப் பிடுங்க வேண்டும், சுவிட்சை அணைப்பது போதாது. மிதியில் கை வைத்து அழுத்திப் பார்ப்பது குழந்தைக்கு விளையாட்டு. குண்டூசிகளை எண்ணி வையுங்கள்: இருபது குத்தியிருந்தால் வேலை முடியும்போது இருபது இருக்க வேண்டும். ஒரு காந்தத்தை நூலில் கட்டித் தரையில் இழுத்தால் விழுந்தது கிடைத்துவிடும். கத்தரி மூடியுள்ள டப்பாவில் போகட்டும். சூடான இஸ்திரிப் பெட்டி, பிள்ளை தூங்கிய பிறகு அல்லது பள்ளியில் இருக்கும்போது மட்டும்.

இரவு பத்துக்கு மேல் மிஷின் ஓட்டாதீர்கள், கறுப்புத் துணியை ராத்திரி தொடவே வேண்டாம். கறுப்பில் கறுப்பு நூல் தையல் விட்டதே தெரியாது. மறுநாள் பிரித்துத் தைக்க, முதலில் தைத்ததைவிட அதிக நேரம் பிடிக்கும்.

கணவரோ மாமியாரோ உதவினால், "கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று விடாமல் ஒரு வேலையை முழுதாக ஒப்படையுங்கள்: பள்ளிக்கு விடுவது அவர் வேலை, இரவுப் பாத்திரம் அவர் வேலை. பாதி உதவியில் மேற்பார்வை உங்கள் தலையிலேயே நிற்கும்.

காய்ச்சல் நாளும் கரண்ட் இல்லாத நாளும்

மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை முன்கூட்டியே அறிவிக்கப்படும், செய்தித்தாளிலும் வரும். அன்றைக்குக் கட்டிங்கையும் கைவேலையையும் சேர்த்து வையுங்கள். கால்மிதி மிஷின் என்றால் தைக்கவும் செய்யலாம்.

பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத நாளில் எதைத் தள்ளுவது என்ற வரிசை முன்பே தீர்மானமாக இருக்க வேண்டும். முதலில் தள்ளிப்போவது ஆல்டர், அடுத்து விசேஷம் இல்லாத சாதா பிளவுஸ். விசேஷத் தேதி உள்ளதைத் தள்ளக் கூடாது. முடியாது என்று தெரிந்தால் நம்பகமான இன்னொரு தையல்காரரிடம் வெட்டிய துணியாகவே கொடுத்துவிடலாம். அப்படி ஒருவரோடு முன்பே பேசி வையுங்கள், அவருக்கு முடியாத நாளில் நீங்களும் கை கொடுக்க வேண்டும். தேதி தள்ளுவதைத் தெரிந்த அன்றே கஸ்டமரிடம் சொல்லிவிடுங்கள். கொடுக்கும் நாளன்று அவர் வாசலில் வந்து நிற்கும்போது சொன்னால் அடுத்த துணி வராது.

வருடக் கணக்கு

தீபாவளிக்கு 15 நாள் முன்பே ஆர்டர் எடுப்பதை நிறுத்துங்கள். அதற்குச் சற்று முன்னால் செப்டம்பரில் காலாண்டுத் தேர்வும் விடுமுறையும் வருவதால், கட்டங்கள் ஏழிலிருந்து ஐந்தாகும். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வும் பொங்கல் ஆர்டரும் ஒன்றாக நெருக்கும். மார்கழியில் கல்யாணத் துணி குறைவு என்பது மட்டும் ஆறுதல். தை பிறந்தால் முகூர்த்தம், பிறகு வைகாசி, ஆவணி.

மே மாதம்தான் எல்லாவற்றிலும் கடினம். பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டில், வைகாசிக் கல்யாணத் துணியும் ஜூன் பள்ளித் திறப்புக்கான யூனிஃபார்மும் சேர்ந்து வரும். அந்த மாதம் கட்டிங்கை விடியற்காலை ஐந்தரையிலிருந்து ஏழரைக்கு மாற்றிவிட்டு, வாரக் கட்டங்களை நாலாகக் குறைத்துவிடுங்கள். பாட்டி வீட்டுக்குப் பிள்ளைகள் போகும் பத்து நாளை ஏப்ரலிலேயே பேசி முடிவுசெய்து, பெரிய ஆர்டர்களை அந்த நாட்களில் போடுங்கள்.

ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் ஆர்டர் மெலியும். மிஷினைச் சர்வீஸுக்குக் கொடுப்பது, பெல்ட் மாற்றுவது, கத்தரி சாணை பிடிப்பது, கண் பரிசோதனை, பிள்ளைகளோடு ஊருக்குப் போவது எல்லாவற்றையும் அந்த மாதத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கான துணி ஆடி பாதியிலேயே வரத் தொடங்கிவிடும், ஆகவே சர்வீஸ் ஆடி முதல் வாரத்தில் முடிந்திருக்க வேண்டும்.